மாணவன் எழுத்தாளன் ஆகும் இடம்

கெடா மாநிலத்தின் தென்கோடியில் இருப்பது பண்டார் பாரு. கிரியான் ஆற்றங்கரையில் நின்று எதிரே நோக்கினால் தெரிவது பேராக் மாநிலத்துப் பாரிட் புந்தார். வடமேற்கே சிறிது தொலைவு சென்றால் பினாங்கு மாநிலத்து நிபோங் திபால். மூன்று மாநிலங்கள் கூடும் இந்த வட்டாரத்துக்குத் தமிழர்கள் தோட்டத் தொழிலை நம்பி வந்தார்கள். ரப்பர் மரங்கள் நின்ற நிலத்தில் பெரும்பகுதி பின்னாளில் செம்பனைக்கு மாறிவிட்டது.

இவ்வட்டாரத்துத் தமிழ் மாணவன் ஒருவனை அழைத்து, "உன் ஊரின் மாலைப்பொழுதைப் பற்றி எழுது" என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். அவன் என்ன எழுதுவான்? கதிரவன் மேற்றிசையில் மறைந்தான், பறவைகள் கூடு திரும்பின, தென்றல் தவழ்ந்து வந்தது என்றுதான் பெரும்பாலும் எழுதுவான். சந்திப்பிழை இராது, ஆசிரியர் நல்ல மதிப்பெண் தருவார். ஆயினும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. அது எந்த ஊர் மாலை? தஞ்சைக்கும் பொருந்தும்; யாழ்ப்பாணத்துக்கும் பொருந்தும்; பண்டார் பாருவுக்கு மட்டும் உரியதாக அதில் ஒன்றும் இல்லை. எழுதியவன் அந்த மாலையில் எங்கே நின்றான் என்பதும் தெரியவில்லை.

நன்னூலார் மாணாக்கரை வகைப்படுத்தியதை ஆசிரியர்கள் அறிவார்கள். அன்னமும் ஆவும் போன்றோர் தலை மாணாக்கர். மண்ணும் கிளியும் போன்றோர் இடை மாணாக்கர். சொல்லிக் கொடுத்ததைத் திருப்பிச் சொல்வது கிளி. புல் நிறைந்த இடத்தைக் கண்டால் வயிறார மேய்ந்து, பின்பு ஓரிடத்தில் அமர்ந்து அசைபோடுவது ஆ. கட்டுரைப் பயிற்சியில் நாம் வளர்ப்பது பெரும்பாலும் கிளிகளையே. எழுத்தாளனோ ஆவின் இனத்தைச் சேர்ந்தவன். தான் கண்டதையும் கேட்டதையும் உள்ளே வைத்திருந்து, பிறகு அசைபோட்டுத் தருகிறவன் அவன். கிளியை ஆவாக மாற்ற ஓர் ஆசிரியரால் இயலுமா? இயலும் என்பதற்கு நம் நாட்டு இலக்கிய வரலாற்றிலேயே சான்று உண்டு.

மலாயாவில் தமிழ்க் கதைகள் தோன்றிய தொடக்க காலத்தில் அவற்றை எழுதியவர்களுள் பலர் தமிழகத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்தவர்கள். அவர்கள் கதைகளில் வந்த ஊரும் உறவும் பெரும்பாலும் விட்டுவந்த மண்ணுக்கே உரியவையாக இருந்தன. இது குற்றமன்று, மனம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் கதையும் இருக்கும். ஆனால் இங்கே பிறந்த பிள்ளைகளும் அதே ஊர்களையே எழுதத் தொடங்கியபோதுதான் சிக்கல் வந்தது. பார்த்திராத மருதநிலத்தை அவர்கள் படித்த சொற்களைக் கொண்டு எழுதினார்கள்.

இந்நிலையில் 1950, 1951 ஆண்டுகளில் தமிழ் நேசன் நாளிதழ் ‘கதை வகுப்பு’ என்னும் பகுதியை நடத்தியது. சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் அதன் ஆசிரியர்கள். கதை என்பது என்ன, எப்படித் தொடங்குவது, பாத்திரத்தை எப்படி நிறுத்துவது என்பவற்றை விளக்கி, வாசகர்களை எழுதச் சொல்லி, வந்தவற்றை அவர்கள் மதிப்பிட்டார்கள். பள்ளிக்கூடக் கட்டடம் இல்லை; மணி அடிப்பார் இல்லை; செய்தித்தாளே வகுப்பறை. ஏதோ ஒரு தோட்டத்து லயத்தில் மண்ணெண்ணெய் விளக்கடியில் எழுதியவனும் அதில் மாணவன் ஆகலாம். அவனுக்கு அதுவரை கிடைக்காதிருந்த ஒன்றை அந்த வகுப்பு கொடுத்தது. அவன் எழுதியதை ஒருவர் முழுதாகப் படித்து மறுமொழி சொன்னார்.

அதன்பின் 1952இல் கு. அழகிரிசாமி கோலாலம்பூருக்கு வந்து, 1957 வரை தமிழ் நேசனில் பணியாற்றினார். இடைசெவல் என்னும் சிற்றூரின் மண்ணையும் மக்களையும் சிறுகதையில் நிலைபெறச் செய்தவர் அவர். இளம் எழுத்தாளர்களைக் கூட்டிவைத்துக் கதைகளை ஆராயும் வழக்கத்தையும் இங்கே வளர்த்தார். சிங்கப்பூரிலிருந்து கோ. சாரங்கபாணி நடத்திய தமிழ் முரசு, மாணவர் மணிமன்றம் வாயிலாகப் பள்ளிப் பிள்ளைகளின் எழுத்துக்கு இடம் கொடுத்தது. பிற்காலத்தில் மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை நடத்திய சிறுகதைப் போட்டிகளும் இதே பணியைத் தொடர்ந்தன. படிப்பவர், திருத்துபவர், அச்சிடுபவர் ஆகிய மூவரும் கிடைத்தபோதெல்லாம் மாணவர்களிடையே எழுத்தாளர்கள் தோன்றினார்கள்.

கெடாவையே எடுத்துக்கொள்வோம். ரெ. கார்த்திகேசு 1940இல் பீடோங்கில் பிறந்தவர். வானொலியிலும், பின்னர் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்திலும் பணியாற்றியவர். நாவலும் சிறுகதையும் திறனாய்வும் தந்து 2016இல் மறைந்தார். சீ. முத்துசாமி தோட்டப்புற வாழ்வை எழுத்தாக்கியவர். அவருடைய ‘மண் புழுக்கள்’ நாவலின் பெயரே அந்த வாழ்வைச் சுட்டும். 2017ஆம் ஆண்டின் விஷ்ணுபுரம் விருது அவருக்கு வழங்கப்பெற்றது. கோ. புண்ணியவான் ஆசிரியப் பணியில் இருந்துகொண்டே கதை வளர்த்தவர். 1982இல் பிறந்த ம. நவீன் லூனாஸ் ஊர்க்காரர், அவரும் தமிழாசிரியர்.

இவர்களின் நடை ஒன்றுபோல் இல்லை; கொள்கையும் ஒன்றில்லை. எனினும் தாம் நின்ற நிலத்தைத் தம் எழுத்துக்குப் போதுமானதாகக் கருதும் துணிவு இவர்களுக்கு உண்டு. தமிழகத்து அகிலனும் இந்நாட்டுக்கு வந்து பார்த்து, ‘பால்மரக் காட்டினிலே’ என்னும் நாவலை 1970களில் எழுதினார். விருந்தினர் ஒருவர் அன்போடு கண்டு எழுதியது அது. ஆனால் விருந்தினர் எத்தனை நாள் தங்கினாலும் வீட்டுப்பிள்ளை அறிந்ததை அறிய இயலாது. வீட்டுப்பிள்ளை எழுதாவிட்டால் அந்தப் பகுதி எழுதப்படாமலே போய்விடும்.

அந்தத் துணிவை வகுப்பறையில் ஊட்டுவது எப்படி? வழி தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள்; தெய்வம், உணவு, மா, மரம், புள், பறை, தொழில் முதலியன கருப்பொருள்; உள்ளத்து உணர்வு உரிப்பொருள். நம் மாணவர் கட்டுரைகளில் அன்பு, பிரிவு, துயரம் என்னும் உரிப்பொருள் நிரம்ப இருக்கும். அவற்றைத் தாங்க வேண்டிய முதலும் கருவும் இரவலாக இருக்கும். ஆகவே உணர்ச்சி நிற்க இடமின்றி விழுந்துவிடுகிறது.

மேலே சொன்ன மாணவனிடம் திரும்புவோம். அவன் தாளில் சிவப்பு மையால் கோடிடுவதற்கு முன் அவனிடம் சில கேள்விகள் கேட்கலாம். மாலை என்றால் எத்தனை மணி? உன் வீட்டு வாசலில் நின்றால் என்ன மரம் தெரியும்? அந்நேரத்தில் யார் வேலை முடிந்து வருவார்? கையில் என்ன இருக்கும்? கோயில் பக்கம் என்ன ஓசை கேட்கும்? அவன் சற்றுத் தயங்குவான். பிறகு சொல்வான்: செம்பனைக் குலை ஏற்றிய லாரி போகும், வழியில் உதிரிப்பழம் சிதறும், தாத்தா வாசலில் உட்கார்ந்து, பால் வெட்டிய காலத்தைச் சொல்வார், முனியாண்டி கோயிலில் திருவிழாவுக்கு உறுமி பழகுவார்கள். இதோ மரமும் தொழிலும் தெய்வமும் பறையும் வந்துவிட்டன. "இதை எழுதலாமா, ஐயா?" என்று அவன் கேட்பான். அந்தக் கேள்வியில்தான் எழுத்தாளன் பிறக்கிறான். ‘எழுதலாம்’ என்று சொல்ல வேண்டியது நம் கடமை.

‘தன்கதை’ என்று ஒரு கட்டுரை வகை நம் பள்ளிகளில் உண்டு. நான் ஒரு பேனா, நான் ஒரு மிதிவண்டி என்று பிள்ளைகள் எழுதுவார்கள். கற்பனைக்கு அது நல்ல பயிற்சியே. ஆனால் பேனாவின் கதையைப் பத்து முறை எழுதிய பிள்ளை, தன் கதையை ஒருமுறையேனும் எழுதியதுண்டா? எண்ணிப் பார்க்கத் தக்கது.

இங்கே ஒரு தடை எழும். பிரட்டு, மங்கு, தண்டல், கிராணி, ஆயக்கொட்டகை போன்ற சொற்களை வகுப்பறையில் ஏற்கலாமா, அவை செந்தமிழைக் கெடுக்காவா என்பர் சிலர். ஏற்கலாம், இடமறிந்து ஏற்க வேண்டும். எடுத்துரைக்கும் நடை ஆசிரியனுடையது. அது திருத்தமாக இருக்கட்டும். பேசும் வாய் பாத்திரத்தினுடையது. அதை நாம் மாற்றினால் மனிதன் மாறிவிடுவான். விடியற்காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிட்டதைப் பிரட்டு என்ற சொல் ஒன்றே சொல்லிவிடும். அதற்கு மாற்றாக நாம் புனையும் எந்தச் சொல்லிலும் அந்த இருட்டும் குளிரும் அச்சமும் இரா.

ஆயினும் எல்லை எங்கே என்னும் வழக்கு எளிதில் தீராது. கெடாத் தோட்டப்புற வாழ்வைக் களமாகக் கொண்ட நவீனின் ‘பேய்ச்சி’ நாவலை 2020இல் மலேசிய உள்துறை அமைச்சு தடை செய்தது. அதன் மொழியைக் கண்டித்தோரும் இருந்தனர். எழுத்துரிமைக்காகப் பரிந்து பேசினோரும் இருந்தனர். பள்ளி மாணவனுக்கு எதைப் படிக்கக் கொடுப்பது என்பது ஆசிரியர் அகவையறிந்து முடிவு செய்ய வேண்டியது. ஆனால் சொந்த ஊரை எழுதுவது விளையாட்டன்று, அதற்கு விலையும் உண்டு என்பதை வளரும் எழுத்தாளன் ஒருநாள் அறிந்தே தீர வேண்டும்.

இவ்வளவும் ஏன் இன்று வற்புறுத்த வேண்டியிருக்கிறது? தோட்டங்கள் துண்டாடப்பட்டன, லயங்கள் பல இடங்களில் இல்லை, குடும்பங்கள் நகரத்துக்குச் சென்றுவிட்டன. பால் வெட்டிய கைகளில் எஞ்சியிருப்பவை முதியோர் கைகளே. அவர்கள் பேரப்பிள்ளைகள் இப்போது நம் வகுப்பில் அமர்ந்திருக்கிறார்கள். பாட்டியின் நினைவுக்கும் பேத்தியின் எழுதுகோலுக்கும் இடையே இருக்கும் காலம் மிகக் குறைவு. ஆறாம் வகுப்புத் தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. தேர்வுக்காக மாதிரிக் கட்டுரையை மனப்பாடம் செய்த நேரத்தில் சிறிதளவேனும் இதற்குக் கிடைக்குமானால் அது பெரும்பேறு.

வாரத்துக்கு ஒரு பக்கம் போதும். மாணவன் தன் வீட்டு மூத்தவர் ஒருவரிடம் கேட்டு எழுதிவரட்டும். ஆசிரியர் அதைப் படித்து, எழுத்துப் பிழைக்கு முன்பாக, "இதை நீ கேட்டாயா? கண்டாயா?" என்று ஓரத்தில் ஒரு வரி எழுதட்டும். 1950இல் ஒரு நாளிதழ் முன்பின் அறியாத வாசகர்களுக்குச் செய்ததை, நாள்தோறும் முகம் பார்க்கும் மாணவனுக்கு நாம் செய்ய முடியாதா? கிரியான் ஆற்றங்கரைப் பிள்ளை ஒருவன், தென்றலை விட்டுவிட்டு ஆற்றுக்காற்றை எழுதும் நாளில், அவன் தன்னை எழுத்தாளன் என்று சொல்லிக்கொள்ளத் தேவையிராது. அவன் எழுதியதே அதைச் சொல்லும்.