மீன்தூளுக்கு மாற்று: கெளிறு வளர்ப்பிற் பிண்ணாக்கின் பயன்

யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கமக்காரர் மாட்டுக்குப் பிண்ணாக்கும் தவிடும் இடுவதில் நெடுங்காலப் பழக்கமுடையவர். இவற்றைக் கொண்டு மீனையும் வளர்க்கலாம் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. வயலோரக் குட்டையிலோ சீமெந்துத் தொட்டியிலோ தேளி முதலிய நன்னீர்க் கெளிற்றினங்களை வளர்க்க விரும்புவோர் தீனிச் செலவைக் கண்டு தயங்குகின்றனர். மீன் வளர்ப்புச் செலவிற் பாதிக்கு மேல் தீனிக்கே போகும். தீனியில் விலை மிகுந்தது மீன்தூள். அதனைக் குறைத்தால் இலாபம் மிஞ்சும்.

விலை ஏறுவது ஏன்?

உலகச் சந்தைக்கு மீன்தூளை மிகுதியாக அனுப்பும் நாடு பெரு. கடல்நீர் சூடேறும் எல்நினோ ஆண்டுகளில் அங்கே நெத்தலியினம் குறைந்துவிடும். 1972ஆம் ஆண்டில் அவ்வாறு நேர்ந்தது. 2023ஆம் ஆண்டிலும் முதற் பருவ மீன்பிடி நிறுத்தப்பட்டது. அவ்வேளைகளில் எங்கும் விலை உயர்ந்தது. மேலும், நம் கரையிற் பிடிபடும் சூடையும் நெத்தலியும் எளியவர் வீட்டுக் கறிக்குரியவை. அவற்றை அரைத்து மீனுக்கு இடுதல் சிக்கனமாகாது.

கெளிற்றின் தகுதி

கொடுவா போன்ற ஊனுண்ணி மீன்கள் தாவரத் தீனியை எளிதில் ஏற்பதில்லை. கெளிறோ இரண்டையும் உண்ணும். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலக் கெளிற்றுப் பண்ணைகளிற் சோயாப் பிண்ணாக்கும் சோளமுமே முதன்மைத் தீனி. வளர்ந்த மீனுக்கு மீன்தூள் மிகச் சிறிதளவே சேர்ப்பர், அல்லது முற்றாக நீக்கிவிடுவர். தேளி காற்றையும் சுவாசிப்பதால் ஒட்சிசன் குறைந்த சிறு குட்டையிலும் வாழும். அதன் செட்டை முள் நச்சுடையது; கையாற் பிடித்தலாகாது.

பொருள்களின் புரதம்

நூற்றுக்கு, மீன்தூளிற் சுமார் 60 பங்கும், சோயாப் பிண்ணாக்கில் 44 பங்கும், எள்ளுப் பிண்ணாக்கில் 35 முதல் 40 பங்கும், தேங்காய்ப் பிண்ணாக்கில் 20 பங்கும், தவிட்டில் 12 பங்கும் புரதம் உண்டு. எள்ளில் இலைசீன் என்னும் சத்துக் குறைவு, மெதியோனீன் மிகுதி. சோயாவில் இதற்கு மாறு. ஆகவே ஒன்றைத் தனியே இடாது இரண்டையும் கலந்தால் ஒன்றின் குறையை மற்றையது நிரப்பும்.

10 கிலோ தீனி செய்யும் முறை

சோயாப் பிண்ணாக்கு 3½ கிலோ, எள்ளுப் பிண்ணாக்கு 2½ கிலோ, தவிடு 2 கிலோ 400 கிராம், மீன்தூள் 1 கிலோ, மரவள்ளி மா ½ கிலோ, கனியுப்பு உயிர்ச்சத்துக் கலவை 100 கிராம். இதிற் புரதம் நூற்றுக்கு 33 பங்களவில் அமையும். மரவள்ளி மாவைக் கூழாகக் காய்ச்சி, ஏனையவற்றை நன்கு அரித்துப் பிசைந்து, இடியப்ப உரலிற் பிழிந்து, வெயிலில் உலர்த்தி உடைத்துக்கொள்க.

கவனிக்க வேண்டியவை

1. சோயா அவரையை வாங்கி நீங்களே அரைப்பதாயின், முன்னர் வறுத்தல் அவசியம். பச்சை அவரை சமிபாட்டைத் தடுக்கும்.

2. பூஞ்சணம் பிடித்த பிண்ணாக்கை இடாதீர்கள். அதன் நஞ்சு மீனின் ஈரலைக் கெடுக்கும். மாரி காலத்தில் பிண்ணாக்கைப் பலகை மேல் அடுக்கிவைத்தல் நன்று.

3. இபில் இபில் இலையிலும் மரவள்ளி இலையிலும் நஞ்சு உண்டு. பச்சையாக இடுதல் கூடாது.

4. சிறு குஞ்சுகளுக்கு மீன்தூளைக் குறைத்தலாகாது. வளர்ந்த மீனுக்குச் சிறிது சிறிதாகக் குறைத்து, உண்ணும் அளவைக் கவனித்து வருக.

5. கெளிறு அந்தியிலேயே ஊக்கமாக இரை தேடும். மாலையில் தட்டில் இட்டு, எஞ்சியதை மறுநாட் காலையில் அகற்றுக.

குட்டை நீரும் தோட்டமும்

நம் சுண்ணக்கல் நிலத்தில் நீர் விரைவிற் கீழிறங்கும். நைத்திரேற்றுக் கலந்த கிணறுகள் ஏற்கெனவே பல. ஆகவே குட்டைக்குக் களியோ பொலித்தீன் விரிப்போ இடுக. மாற்றும் நீரைக் கிணற்றருகே விடாது வெங்காயம், கத்தரி, மிளகாய்ப் பாத்திகளுக்குப் பாய்ச்சுக. அந்நீரிற் பசளைச் சத்து உண்டு. அதற்கேற்ப யூரியாவைக் குறைக்கலாம்.

ஆபிரிக்கக் கெளிற்றை ஒருபோதும் குளங்களில் விடாதீர்கள். அது உள்ளூர் மீன்களை விழுங்கும். இந்தியாவில் அதன் வளர்ப்பு 2000ஆம் ஆண்டிலேயே தடைசெய்யப்பட்டது. எந்தக் குஞ்சு வளர்க்கத் தக்கது என்பதை நக்டா எனப்படும் தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபை உத்தியோகத்தரிடம் கேட்டறிக.

முதற் போகத்திற் சிறு தொட்டியொன்றில் செய்து, தீனிச் செலவையும் மீனின் நிறையையும் கொப்பியிற் குறித்து வாருங்கள். கணக்கு நன்மை காட்டினால் அடுத்த போகத்திற் பெருக்கலாம்.