புதுப் பலகையும் பட்டு நூலும்

காஞ்சிபுரம் மாவட்டத்தில் பாலாறும் செய்யாறும் வேகவதியும் ஒன்றுகூடும் இடத்தில் அமைந்திருக்கிறது திருமுக்கூடல். இங்குள்ள வேங்கடேசப் பெருமாள் கோயிலில், 11-ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்தில் பொறிக்கப்பட்ட நீண்ட கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கோயிலைச் சார்ந்து நடந்த கல்விச்சாலையையும், மாணவர் விடுதியையும், 15 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையையும் பற்றி அது விவரம் தருகிறது. ஒன்பது நூற்றாண்டுகளுக்கு மேல் கடந்த பின்னும் கல்லில் வெட்டிய எழுத்தைப் படிக்க முடிகிறது.

அதே ஊரில், திறந்த வெளியில், புதிதாக இழைத்த பலகை ஒன்றைப் போட்டு வைத்தால் என்ன ஆகும்? சில மாதங்களில் நிறம் வெளுக்கும். அடுத்த கோடையில் வெடிப்பு தோன்றும். மரம் மட்டமானதாக இருந்தால் சில ஆண்டுகளிலேயே உளுத்துப் போகும். கல்லைப் போலன்றி, மரம் தன்னைச் சுற்றியுள்ள காற்றோடும் நீரோடும் ஓயாமல் கொடுக்கல் வாங்கல் நடத்துகிறது. அதுவே இதற்குக் காரணம்.

தோட்டங்களிலும், தங்கும் விடுதிகளிலும், மொட்டை மாடிகளிலும் மரத்தளம் போடும் வழக்கம் நம் நாட்டிலும் பரவி வருகிறது. சென்னை மெரினாக் கடற்கரையில் மாற்றுத் திறனாளிகள் நீரின் அருகே செல்வதற்காக, ஏறத்தாழ 263 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் உள்ள மரப்பாதை 2022 நவம்பர் 27 அன்று திறக்கப்பட்டது. இரண்டு வாரத்துக்குள் வந்த மாண்டஸ் புயலில் அதன் ஒரு பகுதி சிதைந்தது. பிறகு சீர் செய்யப்பட்டது. புயல் அலையின் மோதலை எந்தப் பூச்சும் தடுக்காது. ஆனால் நாள்தோறும் அடிக்கும் வெயிலையும் மழையையும் பூச்சினால் பெருமளவு தடுக்கலாம். ஒரு பலகை நெளிந்து எழும்பினாலும், சிராய் கிளம்பினாலும், அடியில் உளுத்தாலும், அதன்மேல் சக்கர நாற்காலியில் செல்பவருக்கும் வெறுங்காலில் ஓடும் குழந்தைக்கும் அது ஆபத்து. ஆகவே மரத்தளத்துக்குச் சாயம் ஏற்றுவதை அழகுக்காக மட்டும் செய்வதாக எண்ணக் கூடாது.

நீர் செய்யும் வேலை

மரத்தை நுண்ணோக்கியில் பார்த்தால், நெருக்கமாக அடுக்கிய நுண்குழாய்களின் கட்டுப் போலத் தோன்றும். பச்சை மரத்தில் இக்குழாய்களின் உள்ளேயும் நீர் இருக்கும்; குழாய்ச் சுவர்களிலும் நீர் ஊறியிருக்கும். காயும்போது முதலில் உள்ளே இருக்கும் நீர் வெளியேறுகிறது. இதனால் எடை குறையுமே தவிர, அளவு மாறாது. ஈரம் ஏறத்தாழ 28 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கும்போதுதான் சுவர்களில் ஊறிய நீர் வெளியேறத் தொடங்குகிறது. அப்போதுதான் மரம் சுருங்குகிறது.

இந்தச் சுருக்கம் எல்லாத் திசையிலும் ஒன்றுபோல் இருப்பதில்லை. நீளவாட்டில் மிக மிகக் குறைவு. ஆண்டு வளையங்களின் போக்கில் மிக அதிகம். நன்கு அடங்கிய மரம் என்று பெயர் பெற்ற தேக்குகூட, முழு ஈர நிலையிலிருந்து முழுவதும் உலரும்போது அகலத்தில் ஏறத்தாழ 5 விழுக்காடு சுருங்கக் கூடும். 15 செ.மீ. அகலமுள்ள ஒரு தேக்குப் பலகையில் மழைக் காலத்தில் 20 விழுக்காடாக இருந்த ஈரம் கோடையில் 12 விழுக்காடாக இறங்கினால், அதன் அகலம் ஏறக்குறைய 2 மி.மீ. குறையும். பலகைகளுக்கு இடையே 4 அல்லது 5 மி.மீ. இடைவெளி விடுவது இதற்காகத்தான். அந்த இடைவெளி மழைநீர் வடியவும் காற்று புகவும் உதவுகிறது.

நீர் பட்டாலே மரம் உளுக்கும் என்று பலர் எண்ணுகிறார்கள். அது முழு உண்மையன்று. மரத்தை உளுக்க வைப்பவை பூஞ்சைகள். அவை வளர 20 விழுக்காட்டுக்கு மேற்பட்ட ஈரமும், காற்றிலுள்ள ஆக்சிஜனும், மிதமான வெப்பமும் சேர்ந்து வேண்டும். காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயிலின் அனந்தசரசு திருக்குளத்துள் இருக்கும் அத்திவரதர் திருவுருவம் அத்தி மரத்தால் ஆனது. 1979-இல் வெளியே எழுந்தருளிய பின், மீண்டும் 2019-இல்தான் வெளிவந்தது. இடைப்பட்ட 40 ஆண்டும் நீருக்கடியில் இருந்தது. உழைக்கும் மரம் என்று தச்சர்கள் அத்தியைச் சொல்வதில்லை. ஆயினும் நீருள் முழுவதும் மூழ்கிய மரத்துக்குப் போதிய ஆக்சிஜன் கிடைப்பதில்லை என்பதால் பூஞ்சை அங்கே தழைக்க முடியாது. நனைவதும் காய்வதும் மாறி மாறி நடக்கும் இடந்தான் மரத்துக்குப் பொல்லாத இடம். மரத்தளம் இருப்பது அத்தகைய இடத்தில்.

வெயில் செய்யும் வேலை

மரத்தின் நார்களைச் சிமெண்டு போல ஒட்ட வைத்திருக்கும் பொருளுக்கு லிக்னின் என்று பெயர். சூரிய ஒளியிலுள்ள புறஊதாக் கதிர்கள் லிக்னினைச் சிதைக்கின்றன. சிதைந்த பொருளை மழைநீர் கழுவிச் செல்கிறது. எஞ்சுவது பிடிப்பில்லாத நார்களே. பழைய மாட்டு வண்டியின் மேற்பலகை சாம்பல் நிறமாகவும், தொட்டால் சொரசொரப்பாகவும் இருப்பது இதனால்தான்.

இந்தத் தேய்வு மிக மெதுவானது. ஊசியிலை மரங்களில் நூறாண்டுக்கு ஏறத்தாழ 6 மி.மீ. மட்டுமே இவ்வாறு கரைகிறது. ஆனால் வெயிலில் மேற்பரப்பு சுருங்க, ஈரமான உட்பகுதி சுருங்காமல் நிற்க, நுண்ணிய வெடிப்புகள் உண்டாகின்றன. அவற்றின் வழியே நீர் உள்ளே இறங்கித் தங்குகிறது. அதைத் தொடர்ந்து பூஞ்சை வருகிறது. தரையோடு தொடர்பு இருந்தால் கறையானும் வருகிறது.

சாயப் பட்டறை தரும் பாடம்

காஞ்சிபுரத்துச் சாயப் பட்டறைகளில் பச்சைப் பட்டு நூலை எடுத்தவுடன் சாயத்தில் தோய்ப்பதில்லை. பட்டுப்புழு நூற்ற இழையின் மேல் செரிசின் என்னும் பசை படிந்திருக்கும். நூலின் எடையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு இந்தப் பசையே. சோப்பும் சோடாவும் கலந்த வெந்நீரில் நூலைக் கொதிக்க வைத்துப் பசையை நீக்கிய பின்னரே சாயம் ஏற்றுகிறார்கள். பசை இருக்கும்போது ஏற்றிய சாயம் ஒருசீராகப் பிடிக்காது. பசையோடு சேர்ந்து கழன்றும் போகும்.

புதுப் பலகையின் நிலையும் ஏறத்தாழ இதுதான். இழைப்பு இயந்திரத்தின் அலகு வேகமாகச் சுழன்று மேற்பரப்பை அழுத்தி, நார்களை நசுக்கி, நுண்துளைகளை அடைத்து விடுகிறது. பலகை வழவழவென்று பளபளக்கும். இந்தப் பளபளப்பே சாயத்துக்குத் தடை. இதன்மேல் பூசிய சாயம் உள்ளே இறங்காமல் மேலே படலமாக நிற்கும். முதல் மழைக்காலத்தில் உரியத் தொடங்கும். நூலுக்குப் பசை நீக்குவது போலப் பலகைக்கும் முன்வேலை தேவைப்படுகிறது.

முன்வேலைகள்

முதலாவது, உலர்த்துதல். ஈரம் 15 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் சாயம் ஏற்றக் கூடாது. குழாய்களில் நீர் நிறைந்திருக்கும்போது எண்ணெய்க்கு அங்கே இடம் ஏது? ஈரத்தை அளக்க ஈரமானி என்ற சிறு கருவி கிடைக்கிறது. ஈரம் மிகுந்தால் மரத்தின் வழியே மின்சாரம் எளிதில் செல்லும் என்ற தத்துவத்தில் அது இயங்குகிறது. கருவி இல்லாதவர்கள் பலகையின் நடுப்பகுதியிலிருந்து சிறு துண்டு ஒன்றை வெட்டி எடை போடலாம். பிறகு அதை 103 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள அடுப்பறையில், எடை மேலும் குறையாத வரை உலர்த்த வேண்டும். முதலில் 112 கிராம் இருந்தது 100 கிராமில் நின்றால், ஈரம் 12 விழுக்காடு என்று பொருள்.

மருந்து ஏற்றிய மரமாக இருந்தால் இன்னும் பொறுமை வேண்டும். மருந்துக் கரைசலை அழுத்தத்தால் உட்செலுத்துவதால் அப்பலகைகள் நன்றாக நனைந்திருக்கும். செம்பு, குரோமியம், ஆர்செனிக் ஆகியவற்றின் உப்புகளைக் கலந்து மரம் காக்கும் முறையை 1933-இல் கண்டறிந்தவர், தேராதூன் வன ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த சொந்தி காமேசன் என்ற இந்திய அறிவியலாளர். உலகெங்கும் பரவிய அம்முறையை, ஆர்செனிக் நஞ்சு என்பதால், அமெரிக்காவில் 2003-ஆம் ஆண்டின் முடிவில் வீட்டு உபயோக மரங்களுக்கு நிறுத்திக் கொண்டார்கள். எந்த மருந்து ஏற்றிய மரமானாலும் அதன் தூளைச் சுவாசிப்பதும், துண்டுகளை அடுப்பெரிப்பதும் கூடாது.

இரண்டாவது, தேய்த்தல். 60 அல்லது 80 எண் உப்புத்தாளால் நார்ப்போக்கில் தேய்த்தால் போதும். மேசைக்குத் தேய்ப்பது போல மிக நுண்ணிய தாளால் தேய்த்தால் துளைகள் மறுபடியும் அடைபடும். பிறகு தூளை முற்றிலும் துடைத்தெடுக்க வேண்டும்.

மூன்றாவது, கறை நீக்குதல். தேக்கு, கருவேலம் முதலியவற்றில் துவர்ப்புப் பொருளான டானின் இருக்கிறது. சாதாரண இரும்பு ஆணி அதனோடு சேர்ந்தால் நீலங்கலந்த கறுப்புக் கறை உண்டாகும். கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து முன்னாளில் எழுதும் மை காய்ச்சினார்களே, அதே இரசாயன மாற்றந்தான் இது. ஆக்சாலிக் அமிலக் கரைசல் இக்கறையைப் போக்கும். அது நஞ்சாகையால் கையுறை அணிய வேண்டும். பின்னர் நிறைய நீரால் கழுவி மறுபடி உலர்த்த வேண்டும். தொடக்கத்திலேயே துருப்பிடிக்காத எஃகுத் திருகாணிகளைப் பயன்படுத்தினால் இந்தத் தொல்லை இல்லை.

தயாரான பலகையைச் சோதிப்பது எளிது. பல இடங்களில் சில துளி நீர் விடுங்கள். நீர் முத்தாக நின்றால் துளைகள் இன்னும் திறக்கவில்லை. சில நிமிடங்களில் உறிஞ்சப்பட்டால் பலகை சாயத்துக்குத் தயார். துளி பட்ட இடம் காய்ந்த பின் வேலையைத் தொடங்கலாம்.

எந்தப் பூச்சு?

தேங்காய் எண்ணெயைப் பூசினால் என்ன என்று கேட்கலாம். அது எத்தனை நாளானாலும் உலராது. தூசியையும் பூஞ்சையையும் சேர்க்கும். ஆளிவிதை எண்ணெய் அப்படியன்று. அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து கெட்டிப்படும் இனம். முந்திரிக்கொட்டை ஓட்டிலிருந்து எடுக்கும் எண்ணெயைப் படகுகளுக்குப் பூசும் வழக்கமும் நம் கடற்கரையில் உண்டு. அது தோலைப் புண்ணாக்கும் என்பதால் வெறுங்கால் படும் தளத்துக்கு ஏற்றதன்று.

நிறமற்ற வார்னிஷ் மரத்தின் அழகைக் காட்டும். ஆனால் ஒளியும் அதன் ஊடே புகுந்து அடியிலுள்ள லிக்னினைச் சிதைக்கும். பிடிப்பிழந்த வார்னிஷ் செதிள் செதிளாக உரியும். தளத்துக்குத் தேவை, உள்ளே இறங்கும் எண்ணெயும் ஒளியைத் தடுக்கும் நிறமியும் கலந்த சாயம். கோயிற் சுவர்களில் அடிக்கும் காவிக்கு நிறம் தருவது இரும்பு ஆக்சைடு. அதே ஆக்சைடின் நுண்துகள்கள்தான் பெரும்பாலான மரச்சாயங்களிலும் நிறமியாகி, புறஊதாக் கதிர்களை விழுங்கிக் கொள்கின்றன. மெல்லிய நிறத்தைவிட அழுத்தமான நிறம் நெடுநாள் காப்பதன் காரணம் இதுவே.

பூசும் முறை

நம் பகுதியில் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, பனியும் நின்ற மார்ச், ஏப்ரல் மாதங்கள் நல்ல காலம். உச்சி வெயிலில் பூசினால் சாயம் இறங்கும் முன்பே காய்ந்து பட்டை பட்டையாகத் தெரியும். பலகையின் சூடு தணியத் தொடங்கும் பிற்பகலில் பூசினால், துளைகளிலுள்ள காற்று குளிர்ந்து சுருங்கி, எண்ணெயை உள்ளே இழுத்துக் கொள்ள உதவும்.

பலகையின் அறுத்த முனைகளை முதலில் கவனிக்க வேண்டும். குழாய்களின் வாய் அங்கேதான் திறந்திருக்கிறது; பக்கவாட்டைவிடப் பன்மடங்கு விரைவாக நீர் அங்கே ஏறும். முனைகளுக்கு இரண்டு மூன்று முறை சாயம் கொடுப்பது நலம். இயலுமானால் பலகைகளைப் பொருத்தும் முன்பே அடிப்புறத்துக்கும் பூசி விடலாம்.

மேற்புறத்தில் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பலகைகளை முழு நீளத்துக்கும் பூசிச் செல்ல வேண்டும். கால்மணி நேரம் கழித்து, உறிஞ்சப்படாமல் நிற்கும் சாயத்தைத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். தாராளமாக விட்டு வைத்தால் அது பிசுபிசுப்பான படலமாகும். மரம் குடித்த அளவே மரத்துக்குப் பயன்.

துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறிந்து விடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் ஆக்சிஜனோடு சேரும்போது வெப்பம் வெளிப்படுகிறது. விரித்த துணியில் அவ்வெப்பம் காற்றோடு போய்விடும். சுருட்டிய துணியில் அது வெளியேற வழியின்றிப் பெருகி, தீக்குச்சி இல்லாமலே துணி பற்றிக் கொள்ளும். இவ்வாறு நேர்ந்த தீவிபத்துகள் பல. துணிகளைத் திறந்த வெளியில் தனித்தனியாக விரித்துக் காய வைக்க வேண்டும். அல்லது நீர் நிறைந்த இரும்பு வாளியில் அமிழ்த்த வேண்டும்.

ஆண்டுக்கு ஒரு சோதனை

சாயம் ஏற்றிவிட்டால் வேலை முடிந்ததென்று இருக்க முடியாது. நடமாட்டத்தால் தேய்வதும் வெயிலால் மங்குவதும் இயல்பு. ஆண்டுதோறும் கோடைத் தொடக்கத்தில் தளத்தைக் கூட்டிக் கழுவி, காய்ந்த பின் முன்பு செய்த நீர்த்துளிச் சோதனையைச் செய்து பார்க்க வேண்டும். இப்போது முடிவைத் தலைகீழாகக் கொள்ள வேண்டும்: துளி முத்தாக நின்றால் காப்பு இருக்கிறது, உறிஞ்சப்பட்டால் மறுபூச்சு தேவை. உள்ளிறங்கிய சாயம் உரியாது என்பதால் பழையதைச் சுரண்டாமலே அதன்மேல் மறுபடி ஏற்றலாம். பலகைகளின் இடுக்கில் சேரும் சருகையும் மண்ணையும் அகற்றுவதும், தாங்கு கட்டைகள் மண்ணைத் தொடாமல் பார்த்துக் கொள்வதும் இதனோடு செய்ய வேண்டியவை. அவ்வப்போது இதற்குச் செலவிடும் அரை நாள், பல ஆண்டு வளர்ந்த ஒரு மரத்தை மேலும் பல ஆண்டு உழைக்க வைக்கும்.