தர்ம வைத்தியசாலையும் வருஷச் செலவும்

சென்னையின் வடபாகத்திலுள்ள ஸ்டான்லி ஆஸ்பத்திரியைப் பழைய நகரவாசிகள் "கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி" என்றே வழங்கி வந்தார்கள். 1782-ம் வருஷத்துப் பஞ்சத்தில் ஏழைகளுக்குக் கஞ்சி வார்ப்பதற்காக ஏற்பட்ட மணியக்காரர் சத்திரத்தை ஒட்டி வளர்ந்த வைத்தியசாலை அது. ஜனங்கள் வைத்த இப்பெயரில் விவேகம் இருக்கிறது. தொட்டியைக் கட்டித் தந்தவரின் பெயரைவிட, அங்கே கஞ்சி வார்க்கப்பட்டது என்பதே ஊரார் நினைவில் நின்றது.

இந்நாளில் தர்ம ஆஸ்பத்திரிகளுக்கு நன்கொடை வழங்கும் கனவான்களும் கம்பெனிகளும் தொட்டியை வாங்கித் தருவதில்தான் பேரூக்கம் காட்டுகிறார்கள். யந்திரம் வருகிறது, திறப்பு விழா நடக்கிறது, சலவைக் கல்லில் பெயர் பொறிக்கப்படுகிறது. நாளைக்குக் கஞ்சி யார் வார்ப்பது என்ற கேள்வியை விழா மேடையில் எவரும் எழுப்புவதில்லை. அதை எழுப்புவது அவசியமென்று நாம் கருதுகிறோம்.

படப்பிடிப்பு நிலையங்களால் நாடெங்கும் பெயர்பெற்ற கோடம்பாக்கத்தில், திரையில் முகம் காட்டுவோரைவிட விளக்குத் தூக்குவோரும், தையல் வேலை செய்வோரும், தினக்கூலிக்கு வண்டி ஓட்டுவோரும்தான் அதிகம். பெரிய தனியார் ஆஸ்பத்திரிகளின் வாசற்படி இவர்களுக்கு எட்டாது. சர்க்கார் ஆஸ்பத்திரிக்குச் சென்று வரிசையில் நின்றால் அன்றைய கூலி போய்விடும். சர்க்காரின் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, அதனால் பயனடைந்தோர் பலர். ஆனால் வருமான வரம்புக்குச் சற்றே மேலே நிற்கும் குடும்பத்தின் கதி என்ன? அக்குடும்பத்துக்கு ஊரார் நடத்தும் வைத்தியசாலையே புகலிடம்.

கோடம்பாக்கத்துக்கு அடுத்த ரயில் நிலையம் மாம்பலம். அங்கே தண்டவாளத்துக்கு மேற்கே, கொசுவும் யானைக்கால் நோயும் மலிந்திருந்த காலத்தில், 1953-ல் ஸ்ரீ எம். சி. சுப்பிரமணியம் என்ற பொதுநல ஊழியர் பப்ளிக் ஹெல்த் சென்டரைத் தொடங்கினார். சர்க்கார் உத்தரவுக்குக் காத்திராமல், பேட்டை ஜனங்களின் உதவியை நம்பித் துவக்கிய காரியம் அது. அடுத்த வருஷமே அடையாற்றில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெருமுயற்சியால், இந்திய மாதர் சங்கத்தார் திரட்டிய நிதியைக் கொண்டு, புற்றுநோய் ஆஸ்பத்திரி 12 படுக்கைகளோடு திறக்கப்பட்டது. தமது சகோதரியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர் அவ்வம்மையார்.

அடையாற்று ஆஸ்பத்திரியில் 1950-களிலேயே கோபால்ட் யந்திரம் நிறுவப்பட்டது. அந்த யந்திரத்தின் இயல்பை நன்கொடையாளர் ஒவ்வொருவரும் அறிதல் நலம். கோபால்ட் 60 என்னும் வஸ்துவின் கதிர்வீச்சு சுமார் 5¼ வருஷத்தில் பாதியாகக் குறைந்துவிடும். அப்போது முன்போன்ற சிகிச்சையளிக்க நோயாளியை இருமடங்கு நேரம் அதன் கீழ்ப் படுக்கவைக்க வேண்டும். நாள் ஒன்றுக்குக் கவனிக்கக்கூடிய நோயாளிகளின் தொகையும் அதற்கேற்பக் குறையும். கல்லில் பொறித்த பெயர் மங்குவதில்லை. யந்திரத்தின் உயிர்தான் மங்குகிறது. புதுக் கோபால்ட் வாங்கப் பணம் வேண்டும். அதற்குக் கல்லும் இல்லை, விழாவும் இல்லை.

சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு ரத்தத்தைச் சுத்தி செய்யும் டயாலிஸிஸ் யந்திரத்தை எடுத்துக்கொள்வோம். இப்போது தர்மவான்கள் அதிகமாக விரும்பி அளிப்பது இதுவே. நோயாளி வாரத்தில் இரண்டு அல்லது மூன்று தடவை, தடவைக்கு நான்கு மணி நேரம் படுத்திருக்க வேண்டும். மூன்று தடவை என்றால் வருஷத்துக்கு 156 தடவை. ஒவ்வொரு தடவையும் நன்கு சுத்திகரித்த ஜலம் ஏறக்குறைய 120 லிட்டர் வேண்டும். அதைச் சுத்திகரிக்கத் தனி யந்திரம் வேண்டும். 2019-ம் வருஷக் கோடையில் குடங்களோடு தண்ணீர் லாரிக்குக் காத்து நின்ற நகரம் இது என்பதை நினைவுபடுத்துகிறோம். வடிகட்டியும் குழாய்களும் உப்புக் கரைசலும், ரத்தம் உறையாதிருக்க ஹெப்பாரினும், அருகில் நிற்கப் பயிற்சி பெற்ற ஊழியரும் வேண்டும். யந்திரத்தை ஒருவர் தானமாகத் தரலாம். 156 தடவையை யார் தருவது? தர முடியாமற்போனால் நேர்வது அசௌகரியமன்று, மரணம்.

சட்டமும் இவ்விஷயத்தில் அரைகுறையாகவே துணை செய்கிறது. 2013-ம் வருஷத்துக் கம்பெனிச் சட்டத்தின் 135-வது பிரிவு, பெரிய கம்பெனிகள் முந்திய மூன்று வருஷங்களின் சராசரி லாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைப் பொதுநலத்துக்குச் செலவிடப் பணிக்கிறது. நல்ல சட்டம். ஆயினும் 2021-ல் திருத்திய விதிகளின்படி, தொடர்ந்து நடக்கும் திட்டமென்பது தொடங்கிய வருஷம் நீங்கலாக மூன்று வருஷங்களுக்கு மேற்படலாகாது. நோய் அந்தக் கெடுவை அறியுமா? கம்பெனி நிர்வாகிகளோ, ஒரே வருஷத்தில் வாங்கிப் படம் பிடித்து அறிக்கையில் அச்சிடக்கூடிய பொருளையே நாடுகிறார்கள். அவர்களை முற்றும் குறை கூறுவதற்கில்லை. எண்ணிக் காட்டக்கூடியதைக் கேட்கும் சட்டத்துக்கு எண்ணக்கூடியதைக் கொடுக்கிறார்கள்.

பொது ஸ்தாபனங்களை நிரந்தர நிதியைக் கொண்டு நடத்தலாகாது, வருஷந்தோறும் ஜனங்கள் தரும் சந்தாவைக் கொண்டே நடத்த வேண்டும் என்பது காந்தியடிகள் தமது சுயசரிதையில் வெளியிட்ட கருத்து. வட்டி வந்துகொண்டிருந்தால் நிர்வாகிகள் பொதுஜன அபிப்பிராயத்தை மதிக்க மாட்டார்கள் என்பது அவர் அனுபவம். மகாத்மாவோடு மாறுபடுவது நமக்கு எளிதன்று. எனினும் சங்கமோ வாசகசாலையோ சந்தா குறைந்த வருஷத்தில் கதவைச் சாத்தி வைக்கலாம். டயாலிஸிஸ் படுக்கையில் இருப்பவரை அடுத்த வருஷம் வாருமென்று அனுப்ப முடியாது. ஆகவே ஒரு வருஷச் செலவுக்குப் போதிய நிதி கையிருப்பில் இருக்கட்டும். அதற்கு மேற்பட்டதைச் சந்தாவாகவே திரட்டட்டும். இதற்கு நம்மூரிலேயே முன்மாதிரி உண்டு. டாக்டர் கே. எஸ். சஞ்சீவி 1958-ல் தோற்றுவித்த வாலண்டரி ஹெல்த் சர்வீஸஸ், குடும்பங்கள் நோய் வருமுன்பே பதிவு செய்துகொண்டு வருமானத்துக்குத் தக்க சந்தா கட்டும் முறையை அடையாற்றுப் பக்கத்தில் கையாண்டது. சந்தா கட்டியவர் பிச்சை கேட்பவரல்லர். கணக்குக் கேட்கும் உரிமையுடையவர்.

கோடம்பாக்கத்திலும் மாம்பலத்திலும் அரசியல் பணியாற்றும் நம் தோழர்கள் தேர்தலுக்கு வீடு வீடாக ஏறி இறங்கத் தெரிந்தவர்கள். அதே வீதிகளில் சந்தாப் புத்தகத்தோடு ஒரு முறை சென்று வரட்டும். யந்திரம் தர முன்வரும் கம்பெனியிடம், அதன் விலையோடு சட்டம் அனுமதிக்கும் மூன்று வருஷங்களுக்குரிய பராமரிப்பையும் ஊழியர் சம்பளத்தையும் சேர்த்து எழுதித் தரும்படி ஆஸ்பத்திரி நிர்வாகிகள் கேட்கட்டும். தர மறுத்தால் யந்திரத்தை மறுக்கும் துணிவும் அவர்களுக்கு வரட்டும். அந்நிர்வாகிகளும் வருஷ முடிவில் தங்களிடமுள்ள யந்திரங்கள் எத்தனை, ஓடுபவை எத்தனை, பழுதாகிக் கிடப்பவை எத்தனை என்பதைத் தமிழில் அச்சிட்டு வாசலில் ஒட்ட வேண்டுகிறோம்.