ஒரே கல்லூரி, ஒரே பயிற்றுநர், 408 வெற்றிகள்

காற்பந்து என்றதும் நம் வீட்டு வரவேற்பறையில் மல்லுக்கட்டும் மான்செஸ்டர், லிவர்பூல் ரசிகர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். அமெரிக்காவில் கதை வேறு. அங்கே காற்பந்து என்றால் தலைக்கவசம் அணிந்து, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்திக்கொண்டு ஓடும் ஆட்டம். அதற்கு நாற்றங்கால் பல்கலைக்கழகங்கள். சில பல்கலைக்கழக ஆட்டங்களைப் பார்க்க 100,000 பேர்கூடத் திரள்வார்கள்.

அந்தப் பெரிய பெயர்களுக்கு நடுவே, லூசியானா மாநிலத்தின் வடபகுதிச் சிற்றூர் ஒன்றில் இருக்கிறது கிராம்ப்ளிங் பல்கலைக்கழகம். 200க்கும் மேற்பட்ட தொழில்முறை ஆட்டக்காரர்களை உருவாக்கிய இடம் அது.

விவசாயிகள் தொடங்கிய பள்ளி

பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று கறுப்பின விவசாயிகள் ஒன்றுசேர்ந்து 1901ஆம் ஆண்டு தொடங்கிய பள்ளிதான் பின்னாளில் கிராம்ப்ளிங் ஆனது. அங்கே 1941ஆம் ஆண்டு பயிற்றுநராக வந்து சேர்ந்தார் 22 வயது எடி ராபின்சன். குத்தகை விவசாயியின் மகன். அதுவரை தீவன ஆலையில் மணிக்கு 25 காசு கூலிக்கு உழைத்தவர். கல்லூரி கொடுத்த சம்பளம் மாதம் 63 டாலர் 75 காசு.

பெயருக்குத்தான் பயிற்றுநர். திடலில் புல் வெட்டுவது, கோடு போடுவது, ஆட்டக்காரர்களின் காலுக்குக் கட்டுப் போடுவது, ஆட்டம் முடிந்ததும் நாளிதழ்களுக்குச் செய்தி எழுதுவது என எல்லாமே அவர்தான். கறுப்பினத்தவரை உணவகங்கள் உள்ளே விடாத காலம் அது. அதனால் வெளியூர்ப் பயணங்களுக்கு சாண்ட்விச் கட்டிக்கொண்டு போவதும் அவர் பொறுப்பு.

1942ஆம் ஆண்டில் அவருடைய அணி 9 ஆட்டங்களிலும் வென்றது. எதிரணிகளால் ஒரு புள்ளிகூட எடுக்க முடியவில்லை! திடலில் மட்டுமல்ல, படிப்பிலும் அவர் விடமாட்டார். காலையில் மாணவர் விடுதிக்குள் மணியடித்துக்கொண்டே நடந்து, பிள்ளைகளை எழுப்பி வகுப்புக்கு அனுப்புவார்.

வரிசையாக வந்த நட்சத்திரங்கள்

1949ஆம் ஆண்டு ‘டேங்க்’ யங்கர் லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் அணியில் சேர்ந்தார். கறுப்பினக் கல்லூரி ஒன்றிலிருந்து தேசியக் காற்பந்து லீக்கிற்குப் போன முதல் ஆட்டக்காரர் அவர். பின்னாலேயே வில்லி டேவிஸ், பக் புக்கானன், வில்லி பிரவுன், சார்லி ஜாய்னர் வந்தார்கள். நால்வருமே இன்று தொழில்முறைக் காற்பந்தின் புகழ்க்கூடத்தில் இடம்பெற்றவர்கள்.

ஆனால், ஒரு கதவு மட்டும் மூடியே இருந்தது. அதுதான் குவாட்டர்பேக் என்ற இடம். திட்டத்தை அறிவித்து, எதிரணியை ஒரு நொடியில் எடைபோட்டு, பந்தை யாருக்கு எறிவது என்று முடிவெடுப்பவர் அவர். ஓடுவதற்கும் மோதுவதற்கும் கறுப்பின இளைஞர்களை விரும்பி எடுத்த அணிகள், இந்த ‘மூளை வேலை’க்கு மட்டும் அவர்களை நம்பவில்லை. கல்லூரியில் குவாட்டர்பேக்காக ஜொலித்தவர்களைக்கூட வேறு இடத்துக்கு மாற்றிவிடுவார்கள்.

ராபின்சன் அந்த இடத்துக்கென்றே ஜேம்ஸ் ஹாரிஸைத் தயார்செய்தார். வேறு இடத்தில் ஆடமாட்டேன் என்பதில் ஹாரிஸ் உறுதியாக நின்றார். 1969ஆம் ஆண்டு பஃபலோ பில்ஸ் அணியின் முதல் ஆட்டத்திலேயே குவாட்டர்பேக்காக இறங்கினார். லீக் பருவத்தை அந்த இடத்தில் தொடங்கிய முதல் கறுப்பினத்தவர் அவரே.

அந்த 15 நிமிடங்கள்

அடுத்து வந்தவர் டக் வில்லியம்ஸ். 1988 ஜனவரி 31, சூப்பர் பௌல் இறுதியாட்டம். அவருடைய வாஷிங்டன் அணி 0-10 எனப் பின்தங்கியிருந்தது. முதல் கால் பகுதியிலேயே அவருக்கு முழங்காலில் அடி. இரண்டாம் கால் பகுதியில் நொண்டாத குறையாகத் திரும்பி வந்தார். அந்த 15 நிமிடங்களில் நான்கு டச் டவுன் எறிதல்கள், அணிக்கு 35 புள்ளிகள்! வாஷிங்டன் 42-10 என வென்றது. ஆட்ட நாயகன் விருதும் அவருக்கே. சூப்பர் பௌலை வென்ற முதல் கறுப்பின குவாட்டர்பேக் ஆனார் வில்லியம்ஸ். ‘மூளை வேலை’ பற்றிய பேச்சுக்கு அதைவிடத் தெளிவான பதில் இருக்க முடியாது.

இதற்கிடையே காலமும் மாறியது. தென்மாநிலப் பெரிய பல்கலைக்கழகங்கள் கறுப்பின ஆட்டக்காரர்களைச் சேர்க்கத் தொடங்கியதும், முன்பு கிராம்ப்ளிங்கைத் தேடி வந்த திறமைசாலிகளில் பலர் அங்கே போனார்கள். ராபின்சனின் கடைசி மூன்று பருவங்களில் வெற்றியைவிடத் தோல்வியே அதிகம். ஆனாலும், 1997ஆம் ஆண்டு அவர் ஓய்வுபெற்றபோது கணக்கில் இருந்தவை 408 வெற்றிகள். அதுவரை கல்லூரிக் காற்பந்தில் வேறு எந்தப் பயிற்றுநரும் எட்டாத எண்ணிக்கை அது.

ராபின்சனின் நாற்காலிக்கு அடுத்து வந்தவர் யார் தெரியுமா? டக் வில்லியம்ஸ்! வீட்டில் ஒரு பிள்ளையிடம் “இது உனக்குச் சரிப்பட்டு வராது” என்று யாராவது சொன்னால், ஹாரிஸ், வில்லியம்ஸ் இருவரின் கதையையும் சாப்பாட்டு மேசையில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.