பழைய ஜீப்பை அடியில் படுத்துப் பாருங்கள்

இரண்டாம் உலகப் போருக்காக 1941 முதல் அமெரிக்காவில் தயாரான வில்லிஸ் எம்பி ஜீப்பின் எஞ்சின் திறன் வெறும் 60 குதிரைத்திறன். இன்றைய சிறிய குடும்பக் கார்கள் பலவற்றுக்கு இதைவிட அதிகம். ஆனாலும் அந்தக் கார்கள் அடி தட்டி நின்றுவிடும் பாதையில் இந்த ஜீப்பும், இதன் வழிவந்த மகிந்திரா ஜீப்புகளும் நிதானமாக ஏறிப் போகின்றன. தேனி மாவட்டத்தின் உச்சியில் 7,000 அடிக்கு மேல் இருக்கும் கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்துக்குச் சூரியநெல்லியிலிருந்து போகும் கற்பாதை ஜீப்புகளின் பாதையாகவே இருக்கிறது. பழைய ஜீப் ஒன்றை வாங்கிக் காட்டிலும் மலையிலும் ஓட்ட ஆசைப்படுகிறவர்கள், இந்தப் பலம் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

வில்லிஸ் எஞ்சினின் முறுக்குவிசை சுமார் 142 நியூட்டன் மீட்டர். கியர் பாக்ஸின் முதல் கியரில் அது 2.67 மடங்காகிறது. அடுத்து, முன், பின் ஆக்சில்களுக்கு விசையைப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ கியரில் 1.97 மடங்கு. கடைசியாக ஆக்சிலுக்குள் இருக்கும் கிரவுன், பினியன் பற்சக்கரங்களில் 4.88 மடங்கு. மூன்றையும் பெருக்கினால் கிட்டத்தட்ட 26. உராய்வில் வீணாவதைக் கழித்தாலும், நான்கு டயர்களும் சேர்ந்து தரையைத் தள்ளும் விசை ஏறக்குறைய 900 கிலோ எடைக்குச் சமம். வண்டியின் எடையே 1,100 கிலோ சொச்சம்தான்!

ஈர மண்ணிலும் சரளையிலும் எந்த டயராலும் இவ்வளவு விசையைத் தரைக்குக் கடத்த முடியாது. எஞ்சின் திணறும் முன்பே டயர் வழுக்கிவிடும். கரடுமுரடான பாதையில் பற்றாமல் போவது பிடிமானம்தான். பழைய ஜீப்பை வாங்கிய கையோடு பெரிய எஞ்சினைத் தேடுகிறவர்கள் அந்தப் பணத்தை நல்ல டயருக்கும் ஸ்பிரிங் பட்டைகளுக்கும் செலவிடலாம் என்பது என் உறுதியான கருத்து.

இதே 26 மடங்குதான் இறக்கத்திலும் காப்பாற்றுகிறது. டிரான்ஸ்ஃபர் கேஸை லோ கியரிலும் கியர் பாக்ஸை முதல் கியரிலும் வைத்து, எஞ்சின் ஐடிலில் சுற்றினால் வண்டி மணிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் நகரும். ஆள் நடப்பதைவிட மெதுவு. பிரேக்கைத் தொடாமலே செங்குத்தான சரிவில் இறங்கலாம். பழைய டிரம் பிரேக்குகள் சூடேறினால் பிடிக்காது, நனைந்தாலும் பிடிக்காது என்பதால் இதைப் பழகியே ஆக வேண்டும்.

ஃபோர் வீல் போட்டுவிட்டால் நான்கு சக்கரமும் சமமாக இழுக்கும் என்று பலர் நம்புகிறார்கள். ஆக்சிலின் இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலின் இயல்பு வேறு. ஓர் ஆக்சிலின் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால், அதைச் சுற்றுவதற்கு வேண்டிய சொற்ப விசை மட்டுமே மறுபக்கச் சக்கரத்துக்கும் கிடைக்கும். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று எதிரெதிர் மூலைகளில் சக்கரம் தூக்கிவிட்டால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். காய்ந்த தார்ச் சாலையிலோ ஃபோர் வீலே போடக் கூடாது. வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட நீண்ட வட்டத்தில் போகின்றன. அந்த வித்தியாசத்தை ஈடுகட்ட இந்த ஜீப்புகளின் நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது. தண்டுகள் முறுக்கேறி ஸ்டியரிங் கனக்கும், லீவர் வெளியே வராமல் சிக்கிக்கொள்ளும். சில அடி பின்னால் எடுத்தால் முறுக்கு தளரும்.

ஆக, ஜீப்பின் உயிர் பானட்டுக்குக் கீழே இருப்பதைவிடத் தரைக்குப் பக்கத்தில்தான் அதிகம். வாங்கப் போகும்போது பளபளக்கும் பெயின்ட்டைப் பார்க்காமல் சாக்கை விரித்து அடியில் படுத்துவிடுங்கள். சேசிஸில் பட்டைகள் மாட்டியிருக்கும் இடங்களையும் பாடி உட்காரும் இடங்களையும் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். உள்ளே துரு தின்றிருந்தால் மொத்தென்று ஒலிக்கும், சில இடங்களில் செதிலாக உதிரும். அடியில் மட்டும் புதிதாகக் கறுப்பு பெயின்ட் தடிமனாகப் பூசியிருந்தால், அங்கே இரண்டு மடங்கு நேரம் செலவிடுங்கள். பாடியை எந்த டிங்கரும் புதிதாகக் கட்டித் தருவார். கோணிய சேசிஸை நேராக்கித் தருகிறவர்கள் குறைவு.

அடுத்து முன்சக்கரத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்ட வேண்டும். ஆடினால் கிங்பின் பேரிங்கோ வீல் பேரிங்கோ தேய்ந்திருக்கிறது. பக்கவாட்டில் ஆடினால் ஸ்டியரிங் ராடுகளின் முனைகளையும் பாருங்கள். கடைசியாக, உரிமையாளர் சம்மதித்தால், ஆக்சில் ஹவுசிங்கின் டிரெய்ன் பிளக்கைக் கழற்றிக் கொஞ்சம் ஆயிலை விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பாருங்கள். மினுமினுக்கும் மெல்லிய தூள் சகஜம். நெருடும் துணுக்குகள் வந்தால் பற்கள் உடைகின்றன. ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது.

இந்தத் தண்ணீர் எப்படி உள்ளே போகிறது என்பதில் அழகான இயற்பியல் இருக்கிறது. ஓடிவந்த ஜீப்பின் ஹவுசிங் கை வைக்க முடியாத அளவுக்குச் சுடும். உள்ளே காற்று விரிந்திருக்கும். அந்தச் சூட்டோடு ஓடையில் இறக்கினால் காற்று சட்டென்று சுருங்கி, உள்ளே அழுத்தம் குறையும். அதைச் சமன்செய்யவே ஹவுசிங்கின் மேல் பிரீதர் என்ற சின்ன மூச்சுக்குழல் இருக்கிறது. அது சேற்றில் அடைத்திருந்தால், தேய்ந்த ஆயில் சீலின் வழியாக ஓடைத் தண்ணீர் உறிஞ்சப்படும். பிரீதரைச் சுத்தம் செய்து, அதில் ஒரு ரப்பர் குழாயை மாட்டி எஞ்சின் அறையின் உயரத்துக்குக் கொண்டுபோய்விட்டால் தொல்லை பெரும்பாலும் தீரும். சொற்பச் செலவில் இவ்வளவு பலன் தரும் வேலை பழைய ஜீப்பில் வேறில்லை. தண்ணீரில் இறங்குவதற்கு முன் சற்று நிறுத்தி ஆறவிடுவதும் நல்லது.

கடைக்காரர் நீட்டும் எந்த ஆயிலையும் எல்லா இடத்திலும் ஊற்றக் கூடாது. ஆக்சிலுக்கு ஏற்ற ஜிஎல்-5 ரக ஆயிலில் பற்களைக் காக்கும் கந்தக, பாஸ்பரஸ் சேர்மங்கள் அதிகம். அவற்றில் சில வகை, பழைய கியர் பாக்ஸுக்குள் இருக்கும் பித்தளை சிங்க்ரோ வளையங்களை நாளடைவில் அரித்துவிடும். கியர் பாக்ஸுக்கு ஜிஎல்-4 போதும். கரட்டுப் பாதையில் போய்வந்ததும் பட்டைகளைப் பிடித்திருக்கும் யூ-போல்ட்டுகளை முறுக்கிப் பார்ப்பதும், நிப்பிள்கள் எல்லாவற்றுக்கும் புது கிரீஸ் அடித்துச் சேற்றை வெளியே தள்ளுவதும் பழக்கமாக வேண்டும்.

பெட்ரோல் ஜீப் வைத்திருப்பவர்களுக்குப் புதிய கவலை ஒன்று வந்திருக்கிறது. இப்போது பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். பழைய ரப்பர் குழாய்களையும் பெட்ரோல் பம்பின் டயாஃப்ரத்தையும் அது உப்பவைக்கும், பிறகு விரிசல் விடவைக்கும். காற்றின் ஈரத்தை இழுத்து டேங்க்கைத் துருப்பிடிக்க வைக்கும். எத்தனாலைத் தாங்கும் ஃபுளோரோ ரப்பர் குழாய்களை மாற்றுவது தீ விபத்தைத் தவிர்க்கும் வேலை, தள்ளிப்போடக் கூடாது. மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்துவதென்றால் டேங்க்கைக் காலி செய்துவிடலாம்.

கடைசியில் காகிதங்கள். 50 ஆண்டு கடந்த, அசல் வடிவம் மாறாத வண்டிகளை ‘விஏ’ வரிசை எண்ணில் விண்டேஜாகப் பதிவு செய்ய 2021இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, பேரணி, எரிபொருள் நிரப்புவது, பழுதுபார்ப்பது போன்றவற்றுக்குத்தான் சாலையில் எடுக்கலாம். அடிக்கடி மலைக்குப் போக நினைப்பவர்கள் வழக்கமான பதிவையே தொடர வேண்டும். 15 ஆண்டு கடந்த சொந்த வண்டிக்கு அதை 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியிருக்கும். அப்போது சேசிஸ் எண், எஞ்சின் எண், எரிபொருள் மூன்றும் ஆர்சி புத்தகத்தோடு பொருந்த வேண்டும். பெட்ரோல் ஜீப்பில் டீசல் எஞ்சினை ஏற்றி ஓட்டியவர்கள் ஏராளம். புத்தகத்தில் இன்னும் பெட்ரோல் என்றே இருந்தால், விற்பவர் அதைத் திருத்தித் தரும்வரை முன்பணம்கூடக் கொடுக்க வேண்டாம்.