சுவிட்சர்லாந்து: திருமணத்தின் பொருளை வாக்காளர்கள் தீர்மானித்த விதம்

2021ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் திகதி சுவிட்சர்லாந்தில் நடந்த சர்வஜன வாக்கெடுப்பில், ஒருபாலின இணையர்கள் திருமணம் செய்துகொள்ள அனுமதிக்கும் சட்டத்துக்கு வாக்காளர்களில் 64.1 சதவீதத்தினர் ஆதரவளித்தனர். நாட்டின் 26 மாகாணங்களில் ஒன்றில்கூட எதிர்ப்பு வாக்குகள் பெரும்பான்மை பெறவில்லை. பழமைவாதத்துக்குப் பெயர்போன மலைப்பகுதி மாகாணமான அப்பன்செல் இன்னர்ரோடனிலும், மயிரிழையில் என்றாலும், ஆதரவுத் தரப்பே வென்றது.

இந்தத் தெளிவான முடிவை மட்டும் பார்ப்பவர்களுக்கு ஒரு விடயம் புலப்படாமல் போகக்கூடும். அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்னர், 2016 பெப்ரவரியில், இதே நாட்டின் வாக்காளர்கள் திருமணம் என்பது ஓர் ஆணும் ஒரு பெண்ணும் இணைவது மட்டுமே என்று அரசியல் சாசனத்தில் எழுதிவிடும் நிலைக்கு மிக அருகில் வந்திருந்தார்கள். பதிவான சுமார் 33 இலட்சம் வாக்குகளில் ஏறத்தாழ 55,000 வாக்குகளே அதைத் தடுத்தன. அன்று வாக்களித்தவர்களில் பலர் ஒருபாலினத் திருமணத்தைப் பற்றி வாக்களிப்பதாக நினைத்திருக்கவே மாட்டார்கள். அவர்கள் முன் வைக்கப்பட்டிருந்தது ஒரு வரிப் பிரச்சினை.

நீதிமன்ற வழி இல்லாத நாடு

அமெரிக்கா, தென்னாப்பிரிக்கா, தைவான் போன்ற நாடுகளில் ஒருபாலினத் திருமண உரிமை நீதிமன்றத் தீர்ப்புகளின் ஊடாகவே கிட்டியது. சுவிட்சர்லாந்தில் அந்தக் கதவு அடைபட்டிருக்கிறது. நாடாளுமன்றம் இயற்றிய ஒரு கூட்டாட்சிச் சட்டம் அரசியல் சாசனத்துக்கு முரணாக இருந்தாலும், அதனை நாட்டின் உச்ச நீதிமன்றம் நடைமுறைப்படுத்தியே ஆக வேண்டும் என்று அந்நாட்டு சாசனத்தின் 190ஆவது சரத்து கூறுகிறது. மக்களின் முடிவுக்கு மேலாக நீதிபதிகள் அமரக்கூடாது என்பதே இதன் பின்னாலுள்ள கருத்து. ஸ்ட்ராஸ்பர்க் நகரிலுள்ள ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றமும், திருமண உரிமையை வழங்கியாக வேண்டும் என்று நாடுகளைக் கட்டாயப்படுத்த முடியாது என ஆஸ்திரியா தொடர்பான ஒரு வழக்கில் 2010இல் தீர்ப்பளித்திருந்தது.

எஞ்சியிருந்த வழி நாடாளுமன்றம். ஆனால் அதன் முடிவும் இறுதியானதல்ல. நாடாளுமன்றம் நிறைவேற்றும் எந்தச் சட்டத்தையும் எதிர்ப்பவர்கள் நூறு நாட்களுக்குள் 50,000 கையெழுத்துகளைத் திரட்டினால், அது மக்களின் வாக்கெடுப்புக்குச் சென்றாக வேண்டும். இதைவிடக் கனமான இன்னொரு கருவியும் உண்டு. பதினெட்டு மாதங்களுக்குள் ஒரு இலட்சம் கையெழுத்துகளைத் திரட்டும் எவரும் சாசனத்தையே திருத்தும் யோசனையை முன்வைக்கலாம். அதற்கு வாக்காளர்களின் பெரும்பான்மை, மாகாணங்களின் பெரும்பான்மை ஆகிய இரண்டுமே தேவை. 2016இல் பயன்பட்டது இந்த இரண்டாவது கருவி.

வரிக்குள் ஒளிந்திருந்த வரைவிலக்கணம்

சுவிட்சர்லாந்தில் கணவன் மனைவியின் வருமானங்கள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டே வரி கணக்கிடப்பட்டு வந்தது. இருவரும் வேலை செய்தால், மணமாகாமல் சேர்ந்து வாழும் இணையரைவிட அவர்கள் கூடுதலாகக் கூட்டாட்சி வரி கட்ட நேரிடும். இதனைத் 'திருமணத் தண்டனை' என்று வர்ணித்த கிறிஸ்தவ ஜனநாயக மக்கள் கட்சி, அதனை ஒழிக்க ஒரு சாசனத் திருத்தத்தை முன்வைத்தது. அதன் வாசகத்தில், திருமணம் என்பது ஆணும் பெண்ணும் இணைந்து வாழும் நிலையான வாழ்க்கைக் கூட்டு என்ற ஒரு வரியும் இடம்பெற்றிருந்தது. வரி குறைய வேண்டும் என்று விரும்பிய ஒருவர், அந்த வரைவிலக்கணத்தையும் சேர்த்தே ஏற்க வேண்டியிருந்தது.

பெரும்பாலான மாகாணங்கள் ஆதரவாகவே வாக்களித்தன. நாடளாவிய வாக்குகளில் 50.8 சதவீதம் எதிராக விழுந்ததால்தான் திருத்தம் தோற்றது.

விவகாரம் அத்துடன் முடியவில்லை. ஒவ்வொரு வாக்கெடுப்புக்கும் முன்னர் அரசு தயாரிக்கும் சிவப்பு நிற விளக்கக் கையேடு ஒன்று, வாக்குச்சீட்டுடன் வீட்டுக்கே தபாலில் வரும். பெரும்பாலானோர் தபால் மூலமே வாக்களிக்கும் அந்நாட்டில், பலர் படித்து முடிவெடுப்பது இந்தக் கையேட்டை வைத்துத்தான். 2016இல் அக்கையேடு, வரிப் பாதிப்புக்கு உள்ளான இருவருமானத் தம்பதியர் 80,000 பேர் என்று கூறியிருந்தது. உண்மையான எண்ணிக்கை 454,000 தம்பதியர் என்று 2018இல் அரசே ஒப்புக்கொண்டது. வாக்காளர்களுக்குத் தவறான தகவல் தரப்பட்டதால், 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்த வாக்கெடுப்பு முடிவை இரத்துச் செய்தது. நவீன சுவிட்சர்லாந்தின் வரலாற்றில் நாடு தழுவிய வாக்கெடுப்பு ஒன்றின் முடிவு நீதிமன்றத்தால் இரத்தானது அதுவே முதல் முறை.

அதாவது, ஆண் பெண் என்ற வரைவிலக்கணம் மறுபடியும் மக்கள் முன் வரும் வாய்ப்பு உருவானது. இம்முறை சரியான எண்ணிக்கையுடன் நடந்திருந்தால் அது வென்றிருக்கவும் கூடும். வென்றிருந்தால், அப்போது நாடாளுமன்றத்தில் ஊர்ந்துகொண்டிருந்த திருமணச் சட்டமூலம் சாசனத்துக்கு முரணாகிப் போயிருக்கும். ஆனால் காலம் மாறியிருந்தது. அந்தக் கட்சி 2020 பெப்ரவரியில் தனது யோசனையைத் தானே மீளப் பெற்றுக்கொண்டது. பின்னர் 'மையம்' என்று பெயரை மாற்றிக்கொண்டு, 2021 வாக்கெடுப்பில் 'ஆம்' என்று வாக்களிக்குமாறு ஆதரவாளர்களைக் கேட்டுக்கொண்டது.

இரண்டாம் தர அந்தஸ்து

திருமணம் கிடைப்பதற்கு முன்னர் ஒருபாலின இணையருக்கு எதுவுமே இல்லாமல் இருக்கவில்லை. 2005 ஜூனில் நடந்த வாக்கெடுப்பில் 58 சதவீதத்தினர் 'பதிவுசெய்யப்பட்ட இணைவாழ்வு' என்ற ஏற்பாட்டை அங்கீகரித்தனர். வலே போன்ற கத்தோலிக்க மாகாணங்கள் எதிர்த்து வாக்களித்தன. 2007 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த அச்சட்டம் வாரிசுரிமை, வதிவிட உரிமை ஆகியவற்றைத் தந்தது. அதேவேளை, பிள்ளை தத்தெடுப்பதையும் மருத்துவ உதவியுடன் கருத்தரிப்பதையும் வெளிப்படையாகத் தடை செய்தது. இணையரின் பிள்ளையைத் தத்தெடுக்கும் உரிமை 2018இல்தான் வந்தது.

வெளியே தெரியாத இடைஞ்சல்களும் இருந்தன. வேலைக்கான விண்ணப்பமாயினும் வீட்டு வாடகை ஒப்பந்தமாயினும், சிவில் நிலை என்ற கட்டத்தில் 'பதிவுசெய்யப்பட்ட இணையர்' என்று எழுத வேண்டியவர், தம்முடைய பாலியல் ஈர்ப்பை முன்பின் தெரியாத அலுவலரிடம் அறிவித்தே ஆக வேண்டியிருந்தது. மற்றொன்றைப் புலம்பெயர்ந்தோர் நன்கு புரிந்துகொள்வர். சுவிஸ் பிரஜையை மணந்த வெளிநாட்டவர், மத்திய அரசு கையாளும் இலகு நடைமுறையில் குடியுரிமை பெறலாம். பதிவுசெய்யப்பட்ட இணையருக்கோ, கால வரையறை குறைக்கப்பட்டிருந்தாலும், உள்ளூராட்சி அமைப்பும் மாகாணமும் விசாரித்து முடிவெடுக்கும் சாதாரண நடைமுறைதான். அந்த விசாரணைகளில் அமர்ந்து எழுந்த தமிழர்களுக்கு இந்த வேறுபாட்டின் கனம் தெரியும்.

பசுமை லிபரல் கட்சியின் கத்ரின் பெர்ட்சி 2013 டிசம்பரில் முன்வைத்த யோசனை, சட்டமாக நிறைவேறியது 2020 டிசம்பர் 18ஆம் திகதி. கீழவையில் 136 பேர் ஆதரவாகவும் 48 பேர் எதிராகவும் வாக்களித்தனர். ஏழு ஆண்டுகள் ஏன் தேவைப்பட்டன என்ற கேள்விக்கு ஒரு பகுதி விடை, சுவிஸ் அரசியலின் எச்சரிக்கை உணர்வில் இருக்கிறது. மக்கள் முன் சென்றால் தோற்கக்கூடிய எதையும் சட்டமூலத்தில் சேர்க்கக்கூடாது என்ற அச்சத்தில், பெண் இணையருக்கு விந்து தானம் அனுமதிக்கும் பகுதி முதலில் ஒதுக்கி வைக்கப்பட்டது. அரசும் அதனைத் தள்ளிப்போடவே விரும்பியது. நாடாளுமன்றம்தான் 2020இல் அதனை மீண்டும் உள்ளே கொண்டுவந்தது.

சுவிஸ் மக்கள் கட்சியையும், கூட்டாட்சி ஜனநாயக ஒன்றியம் என்ற சிறிய கிறிஸ்தவக் கட்சியையும் சேர்ந்தவர்கள் உடனடியாகக் கையெழுத்துத் திரட்டத் தொடங்கினர். தேவையான 50,000க்குப் பதிலாக 61,000க்கும் மேற்பட்டவை சேர்ந்தன.

பிள்ளைகளைப் பற்றிய வாதம்

இரு ஆண்களோ இரு பெண்களோ சேர்ந்து வாழ்வது சரியா என்ற கேள்வியை எதிர்த்தரப்பு பெரிதாக எழுப்பவில்லை. அதில் வெல்ல முடியாது என்று அவர்கள் கணித்திருக்க வேண்டும். அவர்களுடைய பிரசாரம் முழுவதும் விந்து தானத்தையும், தந்தையின்றி வளரும் பிள்ளையையும் சுற்றியே அமைந்தது. இன்று விந்து தானம் என்றால் நாளை வாடகைத் தாய் முறை வரும் என்றும் அவர்கள் எச்சரித்தனர்.

இந்த வாதத்தை வெறும் வெறுப்பு என்று ஒதுக்கிவிடுவது சரியாகாது. தன் பிறப்பின் மூலத்தை அறியும் உரிமையைச் சாசனத்திலேயே எழுதி வைத்துள்ள நாடு அது. பெயர் வெளியிடாத விந்து தானம் அங்கு 2001 முதல் இல்லை. பிள்ளை 18 வயதை அடைந்ததும் தானம் செய்தவரின் விபரங்களைக் கேட்டுப் பெறலாம். புதிய சட்டமும் இந்த ஒழுங்குக்குள்ளேயே நின்றது. சுவிஸ் சட்டப்படி நடந்த தானத்தின் மூலம் பிறந்த பிள்ளைக்கு மட்டுமே, பெற்றவளின் மனைவி பிறப்பிலிருந்தே இரண்டாவது தாயாகக் கருதப்படுவார். வெளிநாட்டில் பெயர் தெரியாத தானத்தின் மூலம் கருத்தரித்தால், அவர் தத்தெடுப்பு வழியையே நாட வேண்டும். வாடகைத் தாய் முறை சாசனத்தால் தடை செய்யப்பட்டிருந்தது. அத்தடையில் கை வைக்கப்படவில்லை. எதிர்ப்பாளர்கள் எழுப்பிய கேள்வி நியாயமானது. ஆனால் அதற்கான விடை சட்டத்திலேயே இருந்தது.

சீர்திருத்தத் திருச்சபை சிவில் திருமணத்தை எல்லோருக்கும் விரிவாக்குவதை 2019இலேயே ஆதரித்திருந்தது. அங்குள்ள சட்டத்தில் திருமணம் என்பது பதிவு அலுவலகத்தில் நடப்பது மட்டுமே. அதற்கு முன்னர் மதச் சடங்கை நடத்தக்கூடாது என்றே சிவில் சட்டக்கோவை கூறுகிறது. கோயிலில் கட்டும் தாலிக்கும் தேவாலயத்தில் மாற்றும் மோதிரத்துக்கும் சட்டப் பெறுமதி கிடையாது என்பதை அங்கு வாழும் தமிழ்க் குடும்பங்கள் அனுபவத்தில் அறிந்திருக்கும். ஆகவே இந்தச் சட்டம் எந்தக் குருக்களையும் எந்தப் பாதிரியாரையும் எதையும் செய்யுமாறு கட்டாயப்படுத்தவில்லை.

பெரும்பான்மையினரின் அனுமதி

ஒரு சிறுபான்மையினரின் உரிமையைப் பெரும்பான்மையினர் வாக்களித்துத் தீர்மானிக்கலாமா என்ற கேள்வி சுவிட்சர்லாந்துக்குப் புதிதல்ல. பெண்களுக்கு வாக்குரிமை வழங்கலாமா என்று 1959இல் ஆண்களிடம் கேட்கப்பட்டது. மூன்றில் இரு பங்கினர் மறுத்தனர். 1971இல் மீண்டும் கேட்கப்பட்டபோது ஏறத்தாழ அதே விகிதத்தினர் சம்மதித்தனர். இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளில் மாறியது உரிமையின் நியாயம் அல்ல, ஆண்களின் மனநிலை. அப்பன்செல் இன்னர்ரோடன் ஆண்களோ, மாகாண மட்டத்தில் 1990இல் நீதிமன்றம் தலையிடும் வரை இசையவில்லை. கணவனே குடும்பத் தலைவன் என்ற விதியும் 1985இல் நடந்த ஒரு வாக்கெடுப்பின் மூலமே நீங்கியது. அதற்குக் கிடைத்த ஆதரவு 54.7 சதவீதம் மட்டுமே.

மற்ற நாடுகளின் அனுபவம் கலவையானது. 2015 மே மாதத்தில் அயர்லாந்து 62 சதவீத ஆதரவுடன் சாசனத்தைத் திருத்தியது. அதே ஆண்டு டிசம்பரில் ஸ்லோவீனிய வாக்காளர்கள், நாடாளுமன்றம் ஏற்கெனவே வழங்கியிருந்த திருமண உரிமையைப் பறித்தனர். அங்கு 2022இல் சாசன நீதிமன்றம்தான் அதனை மீட்டுத் தந்தது. தைவானில் நீதிமன்றம் 2017இல் வழங்கிய தீர்ப்புக்குப் பின்னர், 2018 வாக்கெடுப்பில் மக்கள் எதிராக வாக்களித்தனர். ஆனாலும் தீர்ப்பை மீற முடியாததால் 2019இல் சட்டம் வந்தது. மக்கள் தவறினால் பிடித்துக்கொள்ள அவ்விரு நாடுகளிலும் நீதிமன்றம் என்ற வலை இருந்தது. சுவிஸ் இணையர்களுக்கு அப்படி எதுவும் இல்லை. 2016இல் 55,000 வாக்குகள் இடம் மாறியிருந்தால், அவர்கள் இன்னொரு சாசனத் திருத்தத்துக்காகக் காத்திருந்திருக்க வேண்டும்.

இம்முறைக்கு ஆதரவாகச் சொல்லக்கூடியதும் ஒன்றுண்டு. 2005இல் எதிர்த்த வலே 2021இல் ஆதரித்தது. நீதிபதிகள் திணித்தார்கள் என்றோ தலைநகர் பேர்னில் உள்ளவர்கள் மறைவாக முடிவெடுத்தார்கள் என்றோ எவரும் முறையிட இடமில்லை. அமெரிக்காவில் இன்றளவும் தொடரும் சர்ச்சை அங்கு வாக்கெடுப்புக்குப் பின்னர் பெரும்பாலும் ஓய்ந்துவிட்டது.

சட்டம் 2022 ஜூலை முதலாம் திகதி நடைமுறைக்கு வந்தது. அன்று முதல் புதிதாக இணைவாழ்வுப் பதிவுகள் செய்யப்படுவதில்லை. ஏற்கெனவே பதிந்தவர்கள் அலுவலகத்தில் இருவருமாக ஓர் அறிவிப்பைச் செய்து அதனைத் திருமணமாக மாற்றிக்கொள்ளலாம். விரும்பாதவர்கள் பழைய நிலையிலேயே தொடரலாம்.

சுமார் 50,000 எனப் பொதுவாகக் கணக்கிடப்படும் அங்குள்ள தமிழர்களில், குடியுரிமை பெற்றவர்களின் வீடுகளுக்கும் அந்தச் சிவப்புக் கையேடு சென்றது. குடியுரிமை இல்லாதவர்களுக்கு இதில் வாக்கில்லை. ஆனால் சட்டம் அவர்களுக்கும் பொருந்தும். இருவரில் ஒருவர் சுவிட்சர்லாந்தில் வதிந்தாலே அங்கு மணம் முடிக்கலாம். அந்தத் திருமணச் சான்றிதழை இலங்கை ஏற்பதில்லை. அங்கு தண்டனைச் சட்டக்கோவையின் 365 மற்றும் 365ஏ பிரிவுகளைத் திருத்தி ஒருபாலின உறவைக் குற்றமற்றதாக்கும் சட்டமூலம் சாசனத்துக்கு முரணானது அல்ல என்று 2023 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் கூறியது. அதனை நிறைவேற்றாமலேயே அந்த நாடாளுமன்றம் 2024இல் கலைந்தது.