நாலு மணி நேர வாசம்

அக்டோபர் பிறந்தால் மேல்நாட்டுச் சமையல் பத்திரிகைகளின் அட்டையில் கனத்த இரும்புச் சட்டி ஒன்று வந்து உட்கார்ந்துவிடும். உள்ளே மாட்டுக்கறி, மூன்று நான்கு மணி நேரம் சிறுதீயில் வெந்து, கரண்டி பட்டாலே பிரிகிற பதத்தில். ஜன்னலுக்கு வெளியே இலை உதிரும். சென்னைக்கு இதை எழுதிக் கொடுங்கள் என்றார்கள். இங்கே வேம்பு இலை உதிர்ப்பது மாசியில், அப்போது யாருக்கும் கணப்புத் தேவைப்படாது. ஆனால் ஐப்பசி, கார்த்திகை இருக்கிறதே. ஊரின் வருஷத்து மழையில் பாதிக்கு மேல் அக்டோபருக்கும் டிசம்பருக்கும் நடுவே கொட்டித் தீர்த்துவிடும். நவம்பர் இரவில் 22 டிகிரிக்கு இறங்கினால் மயிலாப்பூர் மாட வீதிகளில் மங்கி குல்லாய் தலைகாட்டும். சட்டியை அடுப்பில் ஏற்ற அந்தக் குளிர் போதும்.

சமையல் குறிப்பையும் வெளியிலிருந்து வாங்க வேண்டியதில்லை. பரங்கிமலையிலும் பெரம்பூரிலும் வேப்பேரியிலும் ஆங்கிலோ இந்தியர் வீடுகளில் ‘பாட் ரோஸ்ட்’ என்று இதைத்தான் காலங்காலமாகச் செய்கிறார்கள். ஓவன் இல்லாத சமையலறையில் ரோஸ்ட் சாப்பிட ஆசைப்பட்டவர்கள் கண்டுபிடித்த வழி அது. கறியை முழுசாகச் சட்டியில் இறக்கி, மூடி, விறகடுப்பில் தணல் மட்டும் விட்டு, சில வீடுகளில் மூடிமேலும் நாலு கங்கு வைத்து, மத்தியானம் முழுக்க விட்டுவிடுவார்கள்.

ஒரு கிலோ தொடைக்கறி, ஒரே துண்டாக. இதை வாங்குவதே ஒரு வேலை. ராயப்பேட்டைப் பக்கத்துக் கடையில் கேட்டபோது கத்தி பாதி இறங்கிவிட்டது.

“பிரியாணிக்கா, சுக்காவுக்காம்மா?”

“ரெண்டும் இல்ல பாய். வெட்டாம அப்படியே குடுங்க.”

“முழுசாவா? வேகவே நாலு மணி நேரம் ஆவும்மா. குக்கர்ல போட்டு ஏழெட்டு விசில் விட்ருங்க.”

பாய் சொன்னதில் பாதி சரி. நாலு மணி நேரம் ஆகத்தான் செய்யும். வீட்டுக்கு வந்ததும் கறியை முள்கரண்டியால் குத்தி, உப்பு, பொடித்த மிளகு, இஞ்சி பூண்டு விழுது, இரண்டு மேசைக்கரண்டி வினிகர் தடவி ஒரு மணி நேரம் ஊறவிட வேண்டும். அடிகனமான சட்டியில் எண்ணெய் நன்றாகக் காய்ந்த பிறகு கறியை இறக்கி, எல்லாப் பக்கமும் சிவக்கத் திருப்ப வேண்டும். இந்த இடத்தில் அவசரப்பட்டால் பிறகு எத்தனை மணி நேரம் வைத்தாலும் அந்த நிறமும் மணமும் வராது. பட்டை, கிராம்பு, முழு மிளகு ஒரு தேக்கரண்டி, நாலைந்து காய்ந்த மிளகாய், நீளவாக்கில் அரிந்த வெங்காயம். கறியின் மூன்றில் ஒரு பங்கு முங்குகிற அளவு வெந்நீர். மூடியைப் போட்டு, சின்ன பர்னரில் தோசைக்கல்லை வைத்து அதன்மேல் சட்டியை ஏற்றிவிட்டால் அடிபிடிக்காது. அரை மணிக்கு ஒருமுறை திருப்பிவிடுவதைத் தவிர வேறு வேலையில்லை. கடைசி அரை மணியில் தோலுரித்த உருளைக்கிழங்கு. கறி வெந்ததும் மூடியை எடுத்துவிட்டுச் சாறு வற்றி, கரண்டியில் ஒட்டுகிற வரை விட வேண்டும். தொட்டுக்கொள்ள ரொட்டி போதும். விருந்தாளி இருந்தால் தேங்காய்ப் பால் ஊற்றி வடித்த மஞ்சள் சோறு.

ஏன் நாலு மணி நேரம்? மேல்நாட்டுக் குறிப்புகளில் வருவது தீனிபோட்டுக் கொழுக்க வைத்த இளம் மாடு. நம்முடையது வேறு. 1958ஆம் ஆண்டின் தமிழ்நாடு கால்நடைப் பாதுகாப்புச் சட்டப்படி, ஒரு மாட்டை அறுக்கச் சான்றிதழ் வேண்டுமென்றால் அது பத்து வயதைத் தாண்டி, உழைப்புக்கும் இனவிருத்திக்கும் உதவாததாக இருக்க வேண்டும். அல்லது நிரந்தரமாக முடமாகியிருக்க வேண்டும். எருமைக்கும் இதே விதிதான், அதன் கறியும் கடையில் பீஃப் என்ற பெயரில்தான் எடைபோடப்படுகிறது. பத்து வருஷம் ஏரோ வண்டியோ இழுத்த காலில் கொழுப்பு எங்கே இருக்கும்? இருப்பதெல்லாம் இணைப்புத் திசு, அதில் கொலாஜன். அது எழுபது டிகிரியைத் தாண்டிய சூட்டில் மெல்ல மெல்ல இளகி ஜெலட்டின் ஆகும். நாக்கில் வழவழவென்று ஒட்டுகிறதே, அந்தச் சுகம் அதனால் வருவதுதான். ஆக, சட்டம் நம் கையில் கொடுத்திருப்பதே மெதுவாகச் சமைக்க வேண்டிய கறி.

குக்கரிலும் கொலாஜன் இளகும், மிக விரைவாகவே இளகும். ஆனால் 120 டிகிரியை ஒட்டிய சூட்டில் தசை தன் நீரைக் கூடுதலாகப் பிழிந்து விட்டுவிடுகிறது. பார்க்க மெத்தென்று இருக்கும், மென்றால் சக்கை. மூடிய பாத்திரத்தில் சாறு வற்றவும் வழியில்லை. கேஸ் விற்கிற விலைக்கும், ஆபீஸ் முடிந்து எட்டு மணிக்கு வீடு திரும்புகிறவர்களுக்கும் குக்கர்தான் தெய்வம் என்பார்கள். இருக்கட்டும்.

நான் விசாரித்த வரையில், தென்சென்னையில் மாட்டுக்கறி குக்கருக்குள் போனதற்கு நேரமும் கேஸும் முதல் காரணமில்லை. வாசம்தான் காரணம். குக்கரில் என்றால் இருபது நிமிஷம், ஜன்னலைச் சாத்திக்கொண்டால் சமாளித்துவிடலாம். சட்டியில் என்றால் நாலு மணி நேரம் மாடிப்படி முழுக்கத் தெரியும். மழை நாளில் காற்றும் அசையாது.

1878இல் ‘வைவர்ன்’ என்ற புனைபெயரில் ‘கலினரி ஜாட்டிங்ஸ் ஃபார் மெட்ராஸ்’ எழுதிய குதிரைப்படை அதிகாரி ஆர்தர் ராபர்ட் கென்னி-ஹெர்பர்ட்டுக்கு இந்தக் கவலை இருந்திருக்காது. மெட்ராஸ் சமையல்கட்டுகளின் லட்சணத்தைப் பற்றி அந்தப் புத்தகத்தில் அவர் பொரிந்து தள்ளியிருக்கிறார். ஆனால் அன்றைய பங்களாக்களில் சமையல்கட்டு பிரதான வீட்டை விட்டுத் தள்ளித் தனிக் கட்டடமாக இருந்தது; அங்கே எது வெந்தாலும் கேட்பாரில்லை. இன்று தி.நகரில் ஒரு கிரவுண்டில் எட்டு ஃபிளாட். நாலு வீட்டு அடுப்படியும் ஒரே டக்டைப் பார்த்துத் திறக்கின்றன. என் வீட்டுத் தாளிப்பு எதிர்வீட்டுப் பூஜையறைக்குள் போய்த்தான் நிற்கும்.

மயிலாப்பூரிலும் மந்தைவெளியிலும் அடையாறிலும் வீடு தேடிய யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வாடகை, அட்வான்ஸ், மெட்ரோ வாட்டர் எல்லாம் பேசி முடித்தபின் கடைசிக் கேள்வி வரும்: “நீங்க வெஜ்தானே?” முட்டை வரைக்கும் சில இடங்களில் சலுகை உண்டு. மீனுக்குச் சில வீட்டுக்காரர்கள் முகம் சுளித்துவிட்டு ஒப்புக்கொள்வார்கள். மாட்டுக்கறி பேச்சிலேயே வராது, நாமும் எடுக்க மாட்டோம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் எழுத்துமூல ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கியது. நான் பார்த்த ஒப்பந்தங்களில் ஆணி அடிப்பதற்குக்கூட ஒரு வரி இருந்தது, சமையலுக்கு இல்லை. அது வாய்மொழி. பதினோராவது மாதம் “பையன் ஃபாரின்லேர்ந்து வர்றான், வீடு வேணும்” என்று முடியும்.

சைவ வீட்டாருக்கும் மூக்கு உண்டு, அவர்களுக்கும் சங்கடம் உண்டு என்று ஒரு வாதம் உண்டு. சரி. ஆனால் சாந்தோமுக்கும் கபாலீசுவரர் கோயிலுக்கும் நடுவே நடந்தால் இருபது நிமிஷம்கூட ஆகாது. கச்சேரி ரோட்டில் மசூதி இருக்கிறது. லஸ்ஸில் போர்த்துக்கீசியர் கட்டிய மாதா கோயில் 1516லிருந்து இருக்கிறது. இந்த ஊர் மூக்கு இதையெல்லாம் பழகாததா?

காலண்டரும் ஒத்துழைப்பதில்லை. புரட்டாசி முழுக்கக் கட்டடமே விரதம். ஐப்பசியில் தீபாவளி, ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் மிதிபட்டு வந்தவருக்குச் சமைக்கத் தெம்பு இருக்காது. அடுத்து கந்த சஷ்டி ஆறு நாள். நவம்பர் நடுவில் கார்த்திகை ஒன்று, பக்கத்து ஃபிளாட் மாமா மாலை போட்டுக்கொள்வார். அவர் அதிகாலையில் ஈர வேட்டியோடு படியேறும்போது நம் வீட்டிலிருந்து கறி மணக்கக் கூடாது என்று நமக்கே தோன்றும், யாரும் சொல்லாமலேயே. அது முடிந்தால் மார்கழி. குளிர்கிற மாதங்கள் அத்தனையும் ஊர் அடக்கிச் சாப்பிடுகிற மாதங்கள். ஆட்டுக்கறிக்குக் கொடுக்கும் காசில் பாதிகூட ஆகாத இந்தக் கறியை வருஷம் முழுக்கச் சாப்பிடுகிற தலித், கிறிஸ்தவ, முஸ்லிம் குடும்பங்கள் இந்தப் பேட்டைகளில் வாடகைக்கு வந்தால் முதலில் விடுவது சட்டியைத்தான்.

விட்டவர்கள் என்ன செய்கிறார்கள்? பெரும்பாலானவர்கள் பார்சல் வாங்குகிறார்கள். கேரளத்துப் பிள்ளைகள் தேங்காய்க் கொத்துப் போட்ட பீஃப் வறுவலைக் கடையில் சாப்பிட்டு, கையை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு மாடியேறுகிறார்கள். சுக்காவும் வறுவலும் கடையில் கிடைக்கும். நாலு மணி நேரச் சட்டி கடைக்குக் கட்டுப்படியாகாது, அதை வீட்டில்தான் செய்ய முடியும். வீட்டில் முடியாதென்றால் பாட்டியின் கைப்பக்குவம் அந்தத் தலைமுறையோடு நின்றுவிடும். குறிப்பேட்டில் அளவு இருக்கும், தீயின் அளவு இருக்காது.

பெசன்ட் நகரில் வாடகைக்கு இருக்கும் தோழி ஒருத்தி இதற்கு ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பரங்கிமலையில் பெரியம்மா வீட்டில் பாட் ரோஸ்ட். சொந்த வீடு, தனி வீடு, மத்தியானம் முழுக்கச் சட்டி கொதித்தாலும் பக்கத்து வீட்டிலிருந்து கிண்ணம்தான் வரும். மீந்ததை டிபன் கேரியரில் எடுத்துக்கொண்டு வீடு திரும்பிவிடுவாள். திங்கட்கிழமை அதை மெல்லிசாக அரிந்து, வெங்காயம், பச்சை மிளகாய், கொஞ்சம் மிளகு போட்டு ஜால்ஃப்ரேஸியாகப் புரட்டினால் பத்து நிமிஷம். எக்ஸாஸ்ட் ஃபேன் தாங்கும். இந்த நவம்பரில் பெரியம்மாவின் வீட்டைப் பில்டரிடம் கொடுக்கப் பேச்சு நடக்கிறதாம், அதே மனையில் ஆறு ஃபிளாட்.